வடிவு கொட்டிய சாமை

ஜீப் சத்தம் கேட்டால் நெல்லிமேட்டில் முதலில் ஓடுவது கோழிகள். அடுத்தது பெண்கள். அதற்கும் அடுத்து, கொஞ்சம் கௌரவமாக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆண்கள். எண்பத்தொன்றாம் வருஷம் கார்த்திகை மாசத்தில் ஒரு காலை வேளையிலும் இந்த வரிசை மாறவில்லை.

காரணம் இருந்தது. நாலைந்து வருஷத்துக்கு முன்னால் இப்படித்தான் ஒரு ஜீப் மலைக்கு வந்தது. 'கேம்ப்' என்றார்கள். கைக்குக் கிடைத்தவர்களை ஏற்றிக்கொண்டு போய்க் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்து, ஆளுக்கொரு பிளாஸ்டிக் வாளி கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். கல்யாணமே ஆகாத சின்னராசு வீட்டிலும் அப்படி ஒரு வாளி இருக்கிறது. நல்ல வாளிதான், இன்னும் ஒழுகவில்லை. ஆனால் அவன் அதில் தண்ணீர் மொண்டு யாரும் பார்த்ததில்லை.

இந்த ஜீப்பை ஓட்டி வந்த சேட்டு போளூர்க்காரன். தேர்தல் வந்தால் தகரக் குழாயைப் பிடித்துத் தெருத்தெருவாகக் கத்திச் சம்பாதிக்கிற தொண்டை அவனுடையது. அன்றைக்குப் பாரஸ்ட் பங்களாவுக்குப் போகிற வழி தவறி ஊருக்குள் வந்துவிட்டான். கேட்கலாமென்றால் ஒரு ஈ காக்கை இல்லை. சீட்டுக்கடியிலிருந்து குழாயை எடுத்தான்.

"அன்பார்ந்த தாய்மார்களே, பெரியோர்களே. நாங்க கேம்ப்புக்கு வந்துகிறோம். பங்களாவுக்கு வழி தெரியல. தயவுசெஞ்சு யாராவது வெளிய வந்தீங்கன்னா அப்படியே ஏத்திக்கினு போயிடுவோம்."

கடைசி வாக்கியத்தைக் கேட்டதும், ஒளிந்திருந்தவர்கள் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் ஒளிந்தார்கள்.

அப்போது பலாமரத்தின் மேலிருந்து பதில் வந்தது. சேட்டுவின் அதே குரல், அதே இழுப்பு.

"அன்பார்ந்த டிரைவர் அவர்களே. போன கேம்ப்பிலயே எல்லாரையும் அறுத்துட்டாங்க. வாளியும் தீந்துபோச்சு. வந்த வழியே போயிடுங்க."

சேட்டு குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், தான் பேசியது உள்ளேயே தங்கிப் பிறகு வெளியே வருகிறதோ என்று.

மரத்தின் மேல் இருந்தவள் வடிவு. இருபத்தைந்து வயசு. அவள் தொண்டைக்குள் ஒரு ஊரே குடியிருந்தது. ஊர்க்கவுண்டர் லட்சுமணன் பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் இருமுகிற இருமல், புளி வாங்க வருகிற வியாபாரி விலை கேட்டதும் விடுகிற பெருமூச்சு, சினை ஆடு எழுந்திருக்க யோசிக்கும் முனகல், எது வேண்டுமானாலும் செய்வாள். களையெடுக்கிற இடத்தில் அவள் இருந்தால் வேலை நடக்காது, ஆனால் எல்லாரும் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

ஜீப்பிலிருந்து ஒரு பெண் இறங்கி மரத்தடிக்கு வந்து அண்ணாந்து பார்த்தாள். காட்டன் புடவை, தோளில் துணிப்பை.

"வடிவு, எறங்கும்மா. மரத்துமேல கீற கொரங்கு எதுன்னு எனக்குத் தெரியாதா."

வடிவுக்குக் கை வழுக்கியது. ஜெயம்மாள். ஆறேழு வருஷமாயிற்று பார்த்து. அடிவாரத்தில் இருந்த குழந்தைகள் இல்லத்தில் வேலை செய்கிறவள். வடிவின் கையிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டவள்.

"இன்னாக்கா, எனக்கும் ஆபரேஷனா?"

"உன் நாக்குக்குத்தான் பண்ணணும். எறங்கு மொதல்ல."

இறங்கினாள். ஜெயம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஜீப்புல கீறவங்கல்லாம் உன்ன மாதிரிதான். பெத்து, வளக்க முடியாம, இல்லத்துல குடுத்துட்டுப் போனவங்க. என்ன மாதிரியும்னு வெச்சுக்கோ. மூணு நாளு ஒண்ணா இருந்து, சாப்ட்டு, மனசு விட்டுப் பேசிட்டுப் போலாம்னு கூட்டியாந்தேன். வழியில உன் ஊரு வரும்னு நெனைக்கல. வந்துட்ட பிறகு உன்ன விட்டுட்டுப் போவ மாட்டேன்."

"நான் எதுக்கு? எனக்குத்தான் கொழந்தையே கெடையாதே." இதைக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள். அவளுடைய அப்பா பஞ்சாட்சரம் மடித்துக் கட்டிய வேட்டியுடன் அந்தப் பக்கமாக வந்துகொண்டிருந்தார். ஜெயம்மாளைப் பார்த்ததும் வேட்டியை இறக்கிவிட்டார். அவருக்கும் அடையாளம் தெரிந்துவிட்டது.

ஜெயம்மாள் கண்ணை இமைக்காமல் சொன்னாள்: "ஒண்ணுமில்லீங்க பெரியவரே. பங்களாவுல சமைக்க ஒரு ஆளு வேணும். உங்க பொண்ண அனுப்புங்க."

*

வடிவுக்குப் பதினெட்டு வயசில், காட்டிலாக்கா ஏலம் விட்ட கூப்பில் மரம் வெட்டி ஏற்றுகிற லாரியோடு ஒருவன் வந்தான். ஒரு பருவம் முழுக்க மலையில் இருந்தான். கூப்பு முடிந்தது, லாரி இறங்கியது, அவனும் இறங்கிவிட்டான். மலையில் பெண் வயிற்றில் பிள்ளை உண்டாவது உலகம் காணாத குற்றமில்லை. தகப்பன் இன்னான் என்று சொன்னால் போதும், கவுண்டர் கூப்பிட்டு முடித்துவைப்பார். ஆனால் தகப்பன் கீழ்நாட்டான், பேரைத் தவிர வேறெதுவும் தெரியாது. நெல்லிமேட்டில் பிள்ளைக்கு வகையறா வேண்டும். இன்ன வம்சத்துப் பிள்ளை என்று சொல்ல முடியாத குழந்தைக்குக் கோயிலில் இடமில்லை, ஊர்ப் பானையில் பங்கில்லை. வைத்துக்கொண்டிருக்கிற வீட்டுக்கும் இல்லை.

பஞ்சாட்சரம் மகளைக் கூட்டிக்கொண்டு மலை இறங்கினார். கலசப்பாக்கத்தில் நாற்று நடப் போயிருக்கிறாள் என்று ஊரில் சொன்னார். நாற்று நட இத்தனை மாசமா என்று ஊர் கேட்கவில்லை. கேட்காமலே ஊருக்குப் பாதி தெரிந்திருந்தது. மீதிப் பாதியை யாரும் தொடவில்லை.

வடிவும் தொடவில்லை, ஒரு நாளைத் தவிர. புதுச்சாமை நாள்.

அறுப்பு முடிந்ததும் காளியம்மன் கோயில் முன்னால் பெரிய பானை ஏற்றுவார்கள். காலையிலிருந்து யாரும் பச்சைத்தண்ணீர் குடிக்கக் கூடாது. உலை கொதித்ததும் பிள்ளை பெற்ற பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து, பெற்ற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பிடி புதுச்சாமையைப் போட்டு, அம்மனுக்குக் கேட்கிற மாதிரி அந்தப் பிள்ளையின் பேரைச் சொல்ல வேண்டும். செத்துப்போன பிள்ளைக்கும் ஒரு பிடி உண்டு. பெறாதவர்கள் ஓரமாக நின்று முறத்தில் புடைத்துக் கொடுப்பார்கள். வடிவு வருஷா வருஷம் முறத்தோடு நின்றாள். பக்கத்து வீட்டுப் பச்சையம்மாள் செத்த பிள்ளைக்குக்கூட ஒரு பிடி போடும்போது, எங்கேயோ உயிரோடு ஓடியாடுகிற தன் மகளுக்கு ஒன்றும் போடாமல் தவிட்டை ஊதிக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு பிடி போட வேண்டும். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அந்த வருஷம் புதுச்சாமை, பங்களா கூட்டம் முடிகிற நாளுக்கு அடுத்த நாள்.

*

பங்களாவில் வடிவு சமையற்காரியாகவே இருந்தாள். அடுப்பங்கரை ஜன்னல் வழியாகக் கூடம் தெரியும். கூடத்தில் ஜமக்காளம் விரித்துப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். முதல் நாள் ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. எல்லாரும் ஜமக்காளத்தில் எத்தனை கோடு இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெயம்மாள்தான் முதலில் தன் கதையைச் சொன்னாள். சொல்லிவிட்டு, "ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. நாம யாரும் தூக்கிப் போட்டுட்டு வரல. கையில குடுத்துட்டு வந்தோம்" என்றாள்.

வடிவு உலையில் அரிசி போட மறந்து கையில் வைத்துக்கொண்டே நின்றாள். அன்றைக்குச் சோறு தாமதமாயிற்று.

மறுநாள் சந்தவாசல் மங்கம்மாள் பேசினாள். நாற்பது தாண்டியவள். பஸ் நிற்கிற இடத்தில் வாழைப்பழம் விற்கிறாள். அவள் பேச்சு, பஸ் கிளம்புவதற்குள் விற்றுவிட வேண்டும் என்கிற வேகத்தில் வரும்.

"எம் பையன் பொறந்த நாளு ஆடி மாசத்துல வரும். மொத ரெண்டு வருஷம் பொடவத் தலப்ப வாயில வெச்சிக்கினு அழுதேன். மூணாவது வருஷம் எனக்கே சலிச்சுப்போச்சு. ஒரு தாரு பழத்த எடுத்தாந்து, பஸ்ஸுல கீற கொழந்தைங்களுக்கெல்லாம் ஜன்னல்ல நீட்டுனேன். துன்னு கண்ணு, எம் பையனுக்குப் பொறந்த நாளுன்னேன். கண்டக்டரு கேக்கறான், உனக்கு ஏதும்மா பையன்னு. கீறான்யா, எங்கியோ ராசாவாட்டம் கீறான், உனக்குப் பழம் வோணுமா வோணாமான்னேன். வாங்கித் துன்னுட்டான்."

"ஊரு சும்மா வுட்டுச்சா?" என்றாள் ஒருத்தி.

"மொத வருஷம் சிரிச்சாங்க. அடுத்த வருஷம் கேட்டாங்க. இப்ப ஆடி பொறந்தா ஸ்கூல் பசங்கல்லாம் வந்து, மங்கம்மாக்கா, உன் பையன் பொறந்த நாளு எப்பன்னு நச்சரிக்குது. எனக்குத்தான் பழம் கட்டுப்படியாவல."

கூடம் முதன்முதலாகச் சிரித்தது. ஜன்னலுக்கு இந்தப் பக்கமும் ஒரு சிரிப்பு.

அதற்குப் பிறகு ஷம்ஷாத். வாணியம்பாடிக்காரி, தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை. மூக்குத்தியும் நாக்கும் ஒரே பளபளப்பு.

"என் கதைய கேளுங்க. எனக்கு நிக்கா. திரைக்கு இந்தாண்ட நான். சம்மதம் கேக்க சாட்சிங்க வந்தாங்க. 'ஃபரூக்க கட்டிக்க சம்மதமா'ன்னாங்க. நான் சொன்னேன், அரே, மொதல்ல அவருகிட்ட ஒரு சங்கதி சொல்லிட்டு வாங்க. எனக்கு ஒரு பையன் கீறான், வேற வூட்டுல வளர்றான். அத மறைச்சிட்டு நான் குடும்பம் பண்ண மாட்டேன். அது தெரிஞ்சும் சம்மதம்னு அவரு கபூல் சொன்னா நானும் சொல்றேன்."

"ஐயோ, எல்லாரும் கூடி நிக்கறப்பவா?"

"பின்ன, எல்லாரும் போன பிறகா? தேக்சாவுல பிரியாணி தம்முல கீது. ஊரே வாசம் புடிச்சிக்கினு ஒக்காந்துகீது. மாப்ள வூட்டுக்காரங்க எழுந்து போயிடலாமான்னு பாக்கறாங்க, வயிறு எழுந்திரிக்க வுட மாட்டேங்குது. எங்க அம்மா மயக்கம் போட்டுட்டாங்க. ஒரு கண்ண தொறந்து வெச்சிக்கினுதான் போட்டாங்க. அப்புறம் அந்தாண்டருந்து ஃபரூக் கொரலு வந்துச்சு. அவரு எப்பவும் மெதுவாத்தான் பேசுவாரு. 'ரெண்டு பேருக்கும் கபூல்'னாரு."

மங்கம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டே, "பிரியாணி எப்படி இருந்துச்சு?" என்றாள்.

"அடி புடிச்சுப்போச்சு. ஆனா ஒருத்தரும் கொற சொல்லல."

*

மூன்றாம் நாள் மதியம் சாப்பாடு முடிந்தது. சமையற்காரி இலைகளை எடுக்க வந்தாள். எடுத்துக்கொண்டே, தன்னையறியாமல் தன் குரல் வேலையை ஆரம்பித்துவிட்டாள். முதலில் சேட்டுவின் குழாய். பிறகு மங்கம்மாள் கண்டக்டருக்குப் பழம் நீட்டியது. பிறகு ஜெயம்மாள், "நிதானம், ஒவ்வொருத்தரா பேசுங்க" என்று எல்லாரையும்விடச் சத்தமாகச் சொல்வது. பிறகு திரைக்குப் பின்னாலிருந்து ஷம்ஷாத், திரைக்கு அப்பாலிருந்து ஃபரூக், நடுவில் மயங்கி விழுகிற அம்மா. ஃபரூக்கை அவள் பார்த்ததே இல்லை. ஆனால் ஷம்ஷாத், "யா அல்லா, அப்படியே அவருதான்" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள்.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஷம்ஷாத் கேட்டாள்: "எல்லார் கொரலும் வெச்சிகிற. உனக்குள்ள இன்னும் வெளிய வராதது எதுனா கீதாடி?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். வடிவு கையிலிருந்த இலைகளைக் கீழே வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். அவள் தொண்டையிலிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது. பிறந்த குழந்தையின் அழுகை. முதலில் விக்கல் மாதிரி இரண்டு, பிறகு மூச்சை இழுத்து நீளமாக ஒன்று, பிறகு பால் வாய்க்கு எட்டியதும் சட்டென்று அடங்குகிற ஒரு முனகல். ஒரே ஒரு ராத்திரி கேட்ட சத்தம். ஒரு மூச்சுகூட மாறாமல் இத்தனை வருஷம் உள்ளே இருந்தது.

கூடத்திலிருந்த பெண்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. இரண்டு பேருக்குக் கை தானாக மார்புக்குப் போனது. ஜெயம்மாள் எழுந்து வந்து வடிவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"பொண்ணா, பையனா?" என்றாள் மங்கம்மாள்.

"பொண்ணு."

"பேரு இன்னா?"

"வெக்கல. பேரு வெச்சா குடுக்க முடியாதுன்னு வெக்கல."

"இப்ப குடுத்தாச்சு இல்ல. இப்ப வெய்யி."

வடிவின் வாய் லேசாக அசைந்தது, ஒரு பேரைச் சொல்லிப் பார்க்கிற மாதிரி. அன்றைக்கு அவளை இலை எடுக்க யாரும் விடவில்லை. தங்கள் வட்டத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டு, புதுச்சாமை, வகையறா, முறம், தவிடு எல்லாவற்றையும் கேட்டார்கள். ஷம்ஷாத் மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அந்தப் பானைல வுழுந்தத திருப்பி எடுக்கலாமா?"

"கூடாது. அம்மன் பானை. கை வுடக் கூடாது, வேகறதுக்கு முன்ன எறக்கக் கூடாது. துன்னாம வெச்சிட்டா ஊருக்கு ஆகாது."

ஷம்ஷாத் மூக்குத்தியைத் திருகிக்கொண்டாள். "அப்படியா" என்றாள்.

*

காலையில் ஜீப் கீழே போய்விட்டது. சேட்டு போகும்போது குழாயில் விடைபெற்றான், கோழிகள் மறுபடி ஓடின. அப்புறம் வடிவு தனியாள்.

கோயில் முன்னால் பானை கொதித்தது. ஊர் முழுக்கத் தேக்கிலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கவுண்டர் பானைக்குப் பக்கத்தில் தடியோடு நின்றார். பெண்கள் வந்தார்கள், போட்டார்கள், பேர் சொன்னார்கள். பச்சையம்மாள் உயிரோடிருக்கிற மூன்றுக்கும் போனதற்கும் போட்டுவிட்டு விலகினாள். "முடிஞ்சுதா?" என்று கவுண்டர் மூடியை எடுக்கக் குனிந்தார்.

வடிவு முறத்தைக் கீழே வைத்தாள். அதிலிருந்தே ஒரு பிடி அள்ளினாள். நடந்து வந்தாள், கை நீட்டினாள், விரலைத் திறந்தாள். சாமை உலையில் விழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, மற்றதோடு கலந்தது.

"வெள்ளையம்மா" என்றாள். யாருடைய குரலிலும் இல்லை, அவள் குரலில். கணீரென்று இருந்தது. அவளுக்கே அது புதுசு.

கவுண்டர் இருமினார். "இன்னாடி இது?"

"சாமை."

"அது தெரியுது. யாருக்கு?"

"எம் பொண்ணுக்கு."

ஊர் தொடாமல் வைத்திருந்த மீதிப் பாதி, பட்டப்பகலில் பானைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. கவுண்டர் தடியை ஊன்றினார். "எந்த வகையறா?"

"எங்கப்பன் பஞ்சாட்சரம். நான் அவரு பொண்ணு. அவ எம் பொண்ணு. எங்கப்பன் வகையறாதான். நடுவுல வேற யாரும் இல்ல."

"அப்படி ஒரு கணக்கு இங்க கெடையாது. எடு அத வெளிய."

"எது என்னுது, எது பச்சையம்மாளுதுன்னு பாத்து நீங்களே எடுங்க, கவுண்டரே."

கவுண்டர் பானையைக் குனிந்து பார்த்தார். ஊரும் எட்டிப் பார்த்தது. சாமை எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தது. கை விடவும் கூடாது, இறக்கவும் கூடாது, தின்னாமல் வைக்கவும் கூடாது. காலையிலிருந்து வெறும் வயிறு. வெல்லம் வேறு பக்கத்தில் தட்டி வைத்திருந்தார்கள். பின்வரிசையிலிருந்து சின்னராசு, "கவுண்டரே, வெந்த பிறகு வழக்கு பேசலாமா?" என்றான். யாரோ சிரித்தார்கள். கவுண்டர் முறைத்ததும் நிறுத்தினார்கள்.

பஞ்சாட்சரம் எழுந்தார். இத்தனை வருஷம் தலை குனிந்து பழகிய மனுஷன். வடிவு அவரைப் பார்க்காமல் பானையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளையம்மாள் என்பது அவர் பெண்சாதியின் பேர். வடிவைப் பெற்றுப் போட்டுவிட்டு மூன்றாம் நாள் போனவள். அந்தப் பேரை ஊரில் யாரும் உரக்கச் சொல்லிக் கேட்டு வெகுகாலமாகிவிட்டது. பஞ்சாட்சரம் நேரே அடுப்பண்டை போய் இரண்டு விறகை எடுத்து உள்ளே தள்ளினார்.

"தள்ளி நில்லு, லட்சுமணா" என்றார் கவுண்டரிடம். அவரை அப்படிப் பேர் சொல்லிக் கூப்பிட்டு வருஷக்கணக்காயிற்று. "நெருப்பு அவியுது. எம் பேத்தி சாமை வேகணும்."

பச்சையம்மாள் வந்து இன்னொரு விறகை வைத்தாள். சின்னராசு ஊதுகுழலோடு வந்தான். கவுண்டர் கொஞ்ச நேரம் தடியைப் பார்த்தார், தடி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். பானை பொங்கி வழிந்தது, ஊர் குலவையிட்டது. அதில் எல்லாரையும் முந்திக்கொண்டு கேட்டது வடிவின் குலவைதான். பந்தியில் கவுண்டர் இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டார். வழக்கைப் பற்றி அன்றைக்குப் பேசவில்லை, அதற்குப் பிறகும் பேசவில்லை.

வடிவு பின்னாளில் வருஷா வருஷம் ஜெயம்மாளோடு பங்களாவுக்குப் போனாள், சமையலுக்கு இல்லை. புதிதாக வந்து ஜமக்காளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்களைச் சிரிக்கவைப்பது அவள் பொறுப்பு. கவுண்டர் இருமலில் ஆரம்பிப்பாள், அவர் பானைக்குள் எட்டிப் பார்த்த இடத்தில் முடிப்பாள். அதைக் கேட்டுச் சிரிக்காத பெண்ணை ஜெயம்மாள் இதுவரை பார்க்கவில்லை.

அடுத்த வருஷப் புதுச்சாமைக்கு வடிவு வர நேரமாகிவிட்டது. ஆடு ஒன்று குட்டி போட்டுக்கொண்டிருந்தது. உலை கொதித்துவிட்டது, பெண்கள் வரிசை கட்டிவிட்டார்கள். கவுண்டர் இருமினார்.

"வெள்ளையம்மாளோட ஆத்தா எங்கடா? போய்க் கூட்டியாங்க. தண்ணி சுண்டுது."